தீபாவளி முதல் பொங்கல் வரை: வேலூர் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் வானிலை பார்ப்பது எப்படி

செல்போனில் ‘வேலூர்’ என்று தட்டினால் ஒரே ஒரு எண் வரும். 21 டிகிரி, மழைக்கு வாய்ப்பு 40 சதவீதம். அந்த எண் யாருக்கு? வேலூர் நகருக்குள் சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் படுத்திருப்பவருக்கா, ஏலகிரியில் பனியனோடு வெளியே வந்து நடுங்குபவருக்கா, ஜவ்வாது மலையில் சாமை காயவைத்திருப்பவருக்கா? மூன்று பேருமே பழைய வடஆற்காட்டுக்காரர்கள்தான். ஆனால் ஒரே விடியற்காலையில் இவர்களுக்குள் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருக்கும். ஒருவர் தலைமேல் வெயில் அடிக்கும்போது இன்னொருவர் கையை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டத்தில் நிற்பார்.

ஆகவே வானிலை அறிக்கையைப் படித்தால் மட்டும் போதாது, அதை நம் இடத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வேண்டும். குடியாத்தம் பக்கம் மலையடிவாரத்தில் கொஞ்சம் மாந்தோப்பும் நிலமும் வைத்திருப்பதால், ஐப்பசி பிறந்தால் எனக்கு இதுதான் வேலை. நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: நீங்கள் எந்தத் தட்டில் இருக்கிறீர்கள்

ஒருமுறை செய்தால் போதும், ஆயுளுக்கும் உதவும். உங்கள் ஊரின் உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலூர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 215 மீட்டரை ஒட்டி இருக்கிறது. திருப்பத்தூர் 390 மீட்டருக்குப் பக்கம். தொலைநோக்கிகள் இருக்கும் காவலூர் 725 மீட்டர். ஏலகிரி 1,000 மீட்டரைத் தாண்டியது. காற்று மேலே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குளிரும். வேலூரில் குறைந்தபட்சம் 20 டிகிரி என்று போட்டால் ஏலகிரியில் 14, 15 என்று கணக்குப் போடலாம்.

ஆனால் இந்தக் கணக்கு பகலுக்கும், காற்று அடிக்கும் இரவுக்கும்தான் ஒழுங்காகப் பொருந்தும். மேகமில்லாத, இலை அசையாத இரவில் தலைகீழாகிவிடும். அதை ஏழாம் படியில் பார்ப்போம்.

உயரத்துக்கு அடுத்தது திசை. பாலாறு ஓடும் பள்ளத்தாக்குக்குத் தெற்கே ஜவ்வாதும் ஏலகிரியும், வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய மலைகளும் இருக்கின்றன. நடுவில் வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர் என்று ஊர்கள் கோத்ததுபோல் வரிசையாக இருக்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் காற்று கடலிலிருந்து வருகிறது. மலையின் கிழக்கு முகம் அதை முதலில் வாங்கி மேலே தூக்கும், அங்கே பெய்யும். மலைக்கு மேற்கே, முதுகுப்பக்கத்தில் இருக்கும் ஊருக்கு மிச்சம் மீதிதான். ஜவ்வாதுக்குக் கிழக்கே போளூர் பக்கம் கொட்டும்போது மேற்கே ஆலங்காயத்தில் வெறும் தூறல் போடுவது இதனால்தான். சாதாரண கிழக்குக் காற்று மழைக்கு இந்த விதியை நம்பலாம். புயல் வந்தால் நம்பக்கூடாது.

இரண்டாம் படி: காலண்டரை மூன்றாகக் கிழித்துக்கொள்ளுங்கள்

பழைய தமிழில் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர். மார்கழி, தை முன்பனி. அந்தப் பிரிவு இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது.

ஐப்பசி முழுக்கக் கிழக்குக் காற்று மழை. சாயங்காலமோ விடியற்காலமோ வந்து போகும். கார்த்திகையிலிருந்து மார்கழி முதல் பாதிவரை புயல்களின் காலம், நமக்கு ஆபத்தும் அப்போதுதான், ஏரி நிரம்புவதும் அப்போதுதான். மார்கழி நடுவிலிருந்து பொங்கல் வரை பனி.

‘கார்த்திகைக்கு மேல் மழையுமில்லை, கர்ணனுக்கு மேல் கொடையுமில்லை’ என்பார்கள். சராசரியாகச் சரி. ஆனால் 2016இல் வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது டிசம்பர் 12ஆம் தேதி. கார்த்திகை மாதம் முடியும் தறுவாய். பழமொழியை நம்பலாம், கடைசி வாரம் வரை கூரையை மட்டும் கழற்றிப் போடாதீர்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து ஆட்களே அடிக்கடி மறந்துவிடுவது: நாம் சென்னை கிடையாது. கடலோரத்துக்கு வடகிழக்குப் பருவம்தான் எல்லாம். நமக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஆடி ஆவணியில் சாயங்கால இடியோடு தென்மேற்குப் பருவத்திலேயே வந்துவிடும். அதனால் ‘இந்த வருஷம் பருவமழை எப்படி’ என்று பார்க்கும்போது, ஐப்பசி பிறக்கையில் உங்கள் ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பாதி நிரம்பிய ஏரிக்கு ஒரு நல்ல புயல் போதும், நிரம்பி வழிந்து கோடி போய்விடும்.

மூன்றாம் படி: பருவக் கணிப்பை அளவோடு நம்புங்கள்

பருவம் தொடங்கும் சமயத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான கணிப்பை வெளியிடும். இயல்பைவிட அதிகம், இயல்பு, குறைவு என்று வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்வார்கள். கூடவே எல் நினோ, லா நினா என்று டிவியில் ஒரு வாரம் ஓடும். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறினால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. எல் நினோ ஆண்டில் நமக்கு வடகிழக்குப் பருவம் கொஞ்சம் கூடுதலாகவும், லா நினா ஆண்டில் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும் என்பது பொது விதி.

2016ஐயும் 2021ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே லா நினா பக்கம் சாய்ந்த ஆண்டுகள். 2016இல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2021இல் ஏறத்தாழ அதே அளவுக்குக் கூடியது. விதை வாங்கவும் கடன் வாங்கவும் பருவக் கணிப்பு ஓரளவு உதவும். எந்த வாரம் நனைவோம் என்பதை அது சொல்லாது.

நான்காம் படி: வங்கக் கடலைப் பாருங்கள், கரையோடு நிறுத்தாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று செய்தியில் வரும் வார்த்தைகளுக்கெல்லாம் காற்றின் வேகத்தில் கணக்கு இருக்கிறது. மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்தது, 62 தொட்டால் புயல், பெயர் வைப்பார்கள். கடலோரத்துக்கு இந்த ஏணி முக்கியம். சென்னையிலிருந்து 135 கி.மீ. போல உள்ளே இருக்கும் நமக்கு, காற்று வருவதற்குள் பாதி பலம் போய்விடும். மழைக்குப் பெயர் தேவையில்லை. வெறும் தாழ்வுப் பகுதி ஒன்று நகராமல் உட்கார்ந்துவிட்டால், பெயர் வைத்த புயலைவிட அதிகமாகக் கொட்டும்.

நான் மூன்று கேள்விகள் கேட்பேன்.

எங்கே கரை ஏறுகிறது? சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் என்றால் நேராக நம் தலைமேல் வரும். 2020 நவம்பரில் நிவர் புயல் அப்படித்தான் வந்தது. நாகப்பட்டினம் பக்கம் என்றால் அதன் வடக்கு ஓரத்து மேகம் நமக்குக் கிடைக்கலாம். ஆந்திரா போய்விட்டால் நமக்குப் பெரும்பாலும் மப்பும் மந்தாரமும், பிறகு மேற்கிலிருந்து வறண்ட காற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு பாபட்லா பக்கம் கரை ஏறியது நினைவிருக்கும்.

எவ்வளவு வேகமாக நகர்கிறது? வேகமாக ஓடும் புயல் ஒரு ராத்திரியில் நம்மைக் கடந்துவிடும். மெதுவாக நகர்வதுதான் பயம்.

கரை ஏறியபிறகு எந்தப் பக்கம் போகிறது? இதை யாரும் கேட்பதில்லை. டிவியில் ‘புயல் கரையைக் கடந்தது’ என்று ஓடியதும் சேனலை மாற்றிவிடுகிறோம். நமக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நானே ஏமாந்திருக்கிறேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. காலையில் களத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) குவியல் மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்துவிட்டேன், கொஞ்சம் காற்றாடட்டும் என்று. பக்கத்து நிலத்துப் பெரியவர் வரப்பில் நின்றுகொண்டு, “புயல் போச்சுன்னு யார் சொன்னது? தெக்கால பாரு, இன்னும் கறுத்துக்கினு இருக்குது” என்றார். நான் செல்போனைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் பிடித்த மழையில், அவசர அவசரமாக மூடியதற்குள் அடிக்குவியல் ஊறி, நாலாம் நாள் முளைவிட்டிருந்தது.

என் நஷ்டம் நாலு மூட்டையோடு போயிற்று. கரை ஏறிய புயல் புதுச்சேரி அருகிலேயே நகராமல் நின்று, பிறகு மெல்ல உள்ளே வந்தது. டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஊர் அது. ஜவ்வாது மலைக்கு மேற்கே, மழை மறைவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பக்கம். புயல் வந்தால் முதல் படியின் விதியை நம்பாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

ஆகவே கரை கடந்தபிறகு குறைந்தது 36 மணி நேரம், வானிலை மையத்தின் பாதைப் படத்தையும் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களையும் பார்த்துக்கொண்டே இருங்கள். பெரியவர் மாதிரி வானத்தையும்.

ஐந்தாம் படி: அறிக்கையின் வார்த்தைகளை எடை போடுங்கள்

கனமழை என்றால் ஒரு நாளில் 6.45 செ.மீ. முதல் 11.55 வரை. மிக கனமழை 20.44 வரை. அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் மாவட்டம் முழுமைக்கும் கொடுப்பவை. உங்கள் தெருவுக்கு யாரும் தனியாக வண்ணம் அடிப்பதில்லை.

அளவைவிட எனக்கு முக்கியம் ‘ஓரிரு இடங்களில்’ என்ற வார்த்தை. மாவட்டத்தின் மழைமானிகளில் கால்வாசிக்கு உள்ளே என்று அர்த்தம். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். ‘ஓரிரு இடங்களில் மிக கனமழை’ என்று படித்துவிட்டு, நம் வீட்டில் தூறல்கூட இல்லையே என்று வானிலை மையத்தைத் திட்டுபவர்கள் இந்த வார்த்தையைத் தாண்டிப் போனவர்கள்.

செ.மீ. கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். ஒரு டேங்கர் லாரித் தண்ணீர் உங்கள் தலைமேல் நிற்கிறது. மாடிக் குழாய்வாயில் அடைத்திருக்கும் வேப்பஞ்சருகை ஐப்பசியிலேயே எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: உங்கள் ஊரில் பெய்யாத மழையையும் கணக்கில் எடுங்கள்

பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு வெள்ளம் மேலேயிருந்து வரும். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரா வழியாக வருகிறது. பொன்னையாறு சித்தூர் பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது. குடியாத்தத்துக்குள் ஓடும் கவுண்டன்யா ஆற்றுக்கு மோர்தானா அணை நிரம்பினால்தான் உயிர் வரும், வந்தால் கரையோரத்தில் இருப்பவர்கள் சாமான்களைத் தூக்கவேண்டும்.

வருஷம் முழுக்க மணலும் முள்ளுமாகக் கிடக்கும் பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது மனதில் ஏறாது. 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வாணியம்பாடிக்குள் பாலாறு புகுந்து பலரைக் கொண்டுபோனது. 2021 நவம்பரில் பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் போனது, பொன்னையாற்றுத் தண்ணீரும் அதில் சேர்த்தி. ஆகவே வேலூர் எச்சரிக்கையைப் பார்க்கும்போது சித்தூர், கோலார் எச்சரிக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே சிவப்பு, இங்கே மஞ்சள் என்றாலும் ஆற்றங்கரைக்காரருக்கு அது சிவப்புதான்.

மலையருவிக்கும் இதே கணக்கு. ஜலகாம்பாறையிலோ பீமன் மடுவிலோ குளிக்கும்போது உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகிச் சருகும் குச்சியும் வந்தால் துண்டைக்கூட எடுக்காமல் ஏறிவிடுங்கள்.

சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். பல நாள் மழையில் ஊறிய பழைய சுவர் பெரும்பாலும் இரவில்தான் சாய்கிறது. மூன்று நாள் தொடர் மழை என்று அறிக்கை வந்தால், மண் சுவரையோ பக்கத்து வீட்டு மொட்டைச் சுவரையோ ஒட்டிப் படுக்காதீர்கள்.

ஏழாம் படி: குளிரைச் சாயங்காலமே கண்டுபிடியுங்கள்

மழையைவிடக் குளிரைக் கணிப்பது சுலபம். நீங்களே வானிலை மையத்தைவிடச் சரியாகச் சொல்லலாம், ஏனென்றால் இது அத்தனை உள்ளூர்த்தனமான விஷயம்.

மேகம் ஒரு போர்வை. மூடியிருக்கும்வரை தரையின் சூடு வெளியே போகாது. மழைக்காலத்தில் சில்லென்று இருந்தாலும் இரவு வெப்பநிலை அதிகம் இறங்காமல் இருப்பது அதனால்தான். வானம் வெளுத்து, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் நின்று வடக்கிலிருந்து வாடை திரும்பிய முதல் இரவு, திடீரென்று மூன்று நான்கு டிகிரி விழும். எங்கள் வீட்டில் அம்மா ஊதக்காத்து வந்திருச்சு என்று சன்னலைச் சாத்துவது அன்றைக்குத்தான்.

சூரியன் மறையும்போது மாடிக்குப் போங்கள். மலை விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாகத் தெரிகிறதா, சமையல் புகை மேலே போகாமல் தென்னை உயரத்தில் தட்டையாகப் படுத்து நிற்கிறதா? இரண்டும் இருந்தால் அன்றிரவு குளிர் நிச்சயம். பிறகு செல்போனில் பனிப்புள்ளியைப் பாருங்கள், டியூ பாயின்ட் என்று போட்டிருக்கும். அமைதியான இரவில் விடியற்கால வெப்பநிலை ஏறக்குறைய அந்த எண்வரை போய் நிற்கும். பனிப்புள்ளி 15 என்றால் குளிர் 15, 16. அதற்குக் கீழே போக முயலும்போது ஈரம் பனியாக இறங்கி, உள்ளே இருக்கும் சூட்டை விட்டு, இறக்கத்தைத் தடுத்துவிடும்.

இங்கேதான் மலையும் பள்ளத்தாக்கும் விளையாடுகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் மலைச்சரிவில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் தோப்பு ஓடை ஓரத்தில் தொடங்கி மேட்டில் முடிகிறது, இடையில் பத்து பதினைந்து அடிதான் உயர வித்தியாசம். மார்கழியில் விடிகாலை டார்ச்சோடு கீழிருந்து மேலே நடந்தால், ஓடை ஓரத்தில் கணுக்கால் விறைக்கும், கிணற்றடி தாண்டியதும் முகத்தில் லேசாக வெதுவெதுப்பு தட்டும். ஒரு வருஷம் இரண்டு இடத்திலும் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் கட்டினேன். கீழே 16, மேட்டில் 18. தெர்மாமீட்டரை நாலடி உயரத்தில், நிழலில், சுவரில் படாமல் கட்டவேண்டும். முதல் வாரம் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, எங்கள் ஊரில் குளிரே இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். சுவர் பகல் சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருந்தது.

எட்டாம் படி: பனிமூட்டம்

விதி ஒன்றுதான்: நனைந்த மண், தெளிந்த வானம், அசையாத காற்று. மழை விட்டு வானம் வெளுத்த மறுநாள் விடியற்காலைதான் அடர்த்தியான மூட்டம் வரும். சாயங்கால வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் இடைவெளி மூன்று நான்கு டிகிரிதான் என்றால் கட்டாயம் எதிர்பாருங்கள். நாலு மணிக்குத் தொடங்கி, சூரியன் உதித்த கையோடு இன்னும் அடர்ந்து, எட்டு எட்டரைக்கு மேல் கரையும்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாலாற்றை ஒட்டிப் போகும் இடங்களில் இது திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு கி.மீ. தெளிவாக இருந்து அடுத்த வளைவில் வெள்ளைச் சுவர். ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம் போதும். ஓரத்தில் நிற்கும் லாரிதான் எமன்.

போகிப் பண்டிகைக்கு இதில் தனி இடம் உண்டு. தை பிறக்கும் முன் காலை, காற்றில்லாத குளிரில், மலைகள் சூழ்ந்த நகரத்தில் டயரைக் கொளுத்தினால் புகை போக இடமே இல்லை. இழுப்பு உள்ளவர்கள் அன்று காலை பத்து மணிவரை வெளியே வராமல் இருப்பது நல்லது.

ஒன்பதாம் படி: நிலத்தில் என்ன செய்வது

சுருக்கமாகச் சொல்கிறேன், பயிருக்குப் பயிர் தனிக்கதை. மாமரத்துக்கு மழை நின்றதும் தண்ணீரை நிறுத்தினால், குளிர் இரவுகள் பூவைத் தள்ளும். பூ விரிந்தபிறகு மூட்டமும் மேகமும் நாலு நாள் தொடர்ந்தால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வரும் என்று வைத்துக்கொண்டு, பூங்கொத்தைத் தினம் தட்டிப் பாருங்கள். நெல்லில் 20 டிகிரியை ஒட்டிய இரவும் இலையில் காலை பத்துவரை நிற்கும் பனியும் குலை நோய்க்கு அழைப்பு, அந்த வாரம் யூரியா போடாதீர்கள். மல்லிகை வைத்திருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம், மார்கழியில் செடி சுருங்கும், விலை ஏறும், பறிக்கப் பூ இருக்காது. குடியாத்தத்தில் தெருவில் நெசவுக்குப் பாவு போடுபவர்கள் காலை வானத்தைப் பார்த்துத்தான் கஞ்சி காய்ச்சுகிறார்கள்.

பத்தாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரே அகலமாக நேராக இருக்கும் டப்பா ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு ஸ்கேல் விட்டு அளந்து கொட்டுங்கள், வானிலை மையமும் அந்த நேரத்துக்குத்தான் அளக்கிறது. தேதி, மழை, விடியற்கால வெப்பநிலை, காற்று எந்தப் பக்கம், மலை தெரிந்ததா இல்லையா. பக்கத்திலேயே அறிக்கையில் வேலூருக்கும் திருப்பத்தூருக்கும் என்ன போட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டு பருவம் எழுதினால் வேலூரைவிட உங்கள் ஊர் எவ்வளவு குளிர், எந்தக் காற்றுக்கு எவ்வளவு மழை என்ற வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடும். என் நோட்டில் தெளிந்த இரவுகளுக்கு வேலூர் எண்ணிலிருந்து இரண்டைக் கழிக்கிறேன், மேகமிருந்தால் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஏலகிரிக்குப் பனி பார்க்கக் கிளம்புகிறீர்களா? மழை விட்டு இரண்டாம் நாள் போங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் வெளிச்சம் வந்தபிறகு ஏறுங்கள், முந்தின நாள் கனமழை என்றால் சாலையில் கல் உருண்டிருக்கிறதா என்று அடிவாரத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஏழரை மணிக்கு மேலே நின்றால் கீழே பள்ளத்தாக்கு பூராவும் வெள்ளையாக மூடியிருக்கும். ஜோலார்பேட்டை ரயிலின் ஊதல் மட்டும் அதற்குள்ளிருந்து கேட்கும்.